சிலிண்டர் தேதி ஞாபகம் இருக்கு, கார் பேட்டரி தேதி?

கார் பேட்டரி பற்றி ஒரு குடும்பத் தலைவி என்ன எழுதப் போகிறாள் என்று சிரிக்காதீர்கள் சகோதரிகளே. எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் சிரித்தார்கள். பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

2023 மார்கழி மாதம். விடியற்காலை நாலு மணி இருக்கும். என் மாமியாருக்கு வீசிங் தொந்தரவு உண்டு. அன்று மருந்து இழுத்தும் அடங்கவில்லை. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தார். வாலாஜா அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போய்விடலாம் என்று கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காரில் உட்கார வைத்தோம். இந்த மாதிரி அவசரத்துக்குத்தான் 2021ல் நகையை வைத்து அந்த செகண்ட் ஹேண்ட் காரையே வாங்கினோம். என் கணவர் சாவியைத் திருகினார். 'டக்... டக்... டக்'. அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவே இல்லை. அக்கம் பக்கத்து ஆம்பிளைகள் எழுந்து வந்து தெரு முனை வரைக்கும் தள்ளியும் பார்த்தார்கள். உள்ளே மூச்சுத் திணறுகிற பெரியவளை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளுகிற கொடுமையை எந்த வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது. கடைசியில் 108 வந்து கூட்டிப் போனது. கடவுள் புண்ணியத்தில் மாமியார் பிழைத்தார்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பேட்டரி மூன்று வாரமாகவே சொல்லிக்கொண்டு இருந்தது. ஸ்டார்ட் பண்ணும்போது பழைய மாதிரி சட்டென்று எடுக்காமல், கிழவி படியேறுகிற மாதிரி இழுத்து இழுத்து எடுத்தது. அந்த நேரம் ஹெட்லைட் மங்கிப் போய் மறுபடி பளிச்சென்று வரும். ஹாரன் சத்தம்கூட டல்லாக இருந்தது. "என்னங்க, பேட்டரியை ஒரு தடவை காட்டுங்களேன்" என்றேன். "உனக்கென்ன தெரியும், குளிர்ல அப்படித்தான் இருக்கும். அஞ்சு வருஷம் வரும்" என்றார். அவர் எண்ணினது நாங்கள் கார் வாங்கின நாளிலிருந்து. பேட்டரிக்கு அப்போதே என்ன வயசு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. வாங்கும்போது கலர், சீட் கவர் எல்லாம் பார்த்தோம். என் மேலும்தான் தப்பு.

ஊரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கும் பெரியவர் மறுநாள் வந்தார். பேட்டரியை ஈரத்துணியால் துடைத்து, மேலே குத்தியிருந்த எழுத்து நம்பரைப் பார்த்து, "இது 2020 ஆரம்பத்துல செஞ்சதும்மா. நாலு வருஷம் ஆகப்போகுது. நம்ம வெயில்ல இது வந்ததே பெரிசு" என்றார். நான் விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். பத்தாவதில் படித்த பாடம் அப்போதுதான் புரிந்தது.

பேட்டரி பெட்டிக்குள் ஆறு அறை. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும் ஆசிட் கலந்த தண்ணீரும். அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆறும் சேர்ந்துதான் பன்னிரண்டு வோல்ட் என்கிறோம். 1859ல் பிரான்ஸ் நாட்டு பிளாண்டே என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடுதான், இன்றைக்கும் அடிப்படை மாறவில்லையாம். சார்ஜ் குறைந்த நிலையிலேயே ரொம்ப நாள் கிடந்தால் தகட்டின் மேல் வெள்ளையாக உப்பு மாதிரி படிந்து இறுகிவிடும். அந்த இடம் அப்புறம் வேலை செய்யாது.

சூடு ஏற ஏற உள்ளே நடக்கும் தேய்மானமும் வேகமாகும். குளிர் தேசங்களில் ஐந்து ஆறு வருஷம் உழைக்கிற பேட்டரி நம் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து வெயிலில் மூன்று நாலு வருஷத்தில் கை விரிப்பது அதனால்தான். வேடிக்கை என்னவென்றால், கெடுப்பது சித்திரை வெயில். காட்டிக் கொடுப்பது மார்கழிக் குளிர். குளிரில் என்ஜின் ஆயில் கெட்டியாகி இழுவை அதிகம் கேட்கும், பேட்டரியின் பலமோ குறையும். அதனால் பழி மார்கழி மேல் விழுகிறது. என் கணவர் சொன்ன 'குளிர்ல அப்படித்தான்' பாதி உண்மை. மீதிப் பாதிதான் எங்களை நடுத்தெருவில் நிறுத்தியது!

இன்னொரு காரணம் நாங்களே. என் கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கடைத்தெரு வரைக்கும். ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டை அந்தக் குட்டி ஓட்டத்தில் பேட்டரி திரும்பப் பெறுவதே இல்லை. சும்மா நின்றாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 2020ல் ஊரடங்கு முடிந்ததும் தெருத்தெருவாகக் கார்கள் எழுந்திருக்காமல் கிடந்தது நினைவிருக்கிறதா? அதே கதைதான். இப்போது வாரம் ஒரு தடவையாவது, ஏரிக்கரையைத் தாண்டி பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்கிறேன். (பல்லவ ராஜா வெட்டின எங்கள் ஏரி நிரம்பி நிற்கிற காலத்தில் மாமியாரே முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.)

சரி, எப்போது மாற்றுவது? "மூணு வருஷம் ஆனா கண்ணை மூடிட்டு மாத்திடு" என்பார் ஒருவர். "சாகிற வரைக்கும் ஓட்டு" என்பார் இன்னொருவர். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. முதலாவது காசுக்குக் கேடு, இரண்டாவது உயிருக்கே கேடு. என் அபிப்பிராயம், இரண்டு வருஷம் முடிந்ததிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரை வெயில் தணிந்ததும் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, கடையில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மீட்டர் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். அது மட்டும் போதாது. கிழ பேட்டரிகூட சும்மா இருக்கும்போது நல்ல நம்பர் காட்டி ஏமாற்றும். அதனால் லோடு டெஸ்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது பதினாலுக்குப் பக்கமாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கமாக இருக்கலாம். ஓடும்போது டேஷ்போர்டில் எரிகிற சிவப்பு பேட்டரி விளக்கும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது. அது தெரியாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இறங்கிப் போகும். பெட்டி உப்பியிருந்தாலோ, ஆசிட் கசிந்தாலோ யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான்.

இது தெரிந்ததால் 2025 கோடையில் எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஒரு நாள் மறுபடி 'டக் டக்'. வந்த பையன் பானெட்டைத் திறந்த உடனே "பேட்டரி போச்சுக்கா, மாத்திடுங்க" என்றான். "ஒன்றரை வருஷம்தானே தம்பி ஆச்சு, முதல்ல மீட்டர் வச்சுக் காட்டு" என்றேன். 12.6! கடைசியில் பார்த்தால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போய் ஒயர் லூசாக இருந்தது. ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்கினான். பட்டென்று எடுத்துவிட்டது. ஆப்ப சோடா என் சமையலறையிலிருந்துதான் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன். (கழற்றும்போது மைனஸ் ஒயர் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பக்கத்தில் யாராவது பீடி பிடித்தால் துரத்திவிடுங்கள், பேட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கும்.)

புதுசு வாங்கும்போதும் அதன் பிறந்த தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கியது என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். வாரண்டி கார்டில் தேதி போட்டு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றித் தருவது எத்தனை மாதம், விலையில் கழிவு மட்டும் தருவது எத்தனை மாதம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி பழைய பேட்டரி. அதை வாசலில் வைத்த அரை மணியில் காயலான் கடைக்காரர் வந்துவிட்டார். கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கழிப்பதைவிட அதிகமாகத் தருகிறேன் என்றார். எனக்கும் ஆசைதான், எழுபது ரூபாய் கிடைத்தாலும் ஒரு கிலோ வெங்காயமாச்சே. ஆனால் அந்தப் பெட்டியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உடைத்து ஆசிட்டைத் தரையில் ஊற்றி, ஈயத்தை அடுப்பில் உருக்குகிற இடங்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டு தியாரோய் என்ற ஊரில் இப்படிப் பழைய பேட்டரி ஈயத்தை எடுக்கப் போய், 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் பதினெட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். ஈயம் கலந்த மண்ணை வீட்டிலேயே சலித்தவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்தான். பிள்ளை சோற்றுக்கு நாலு காசு கிடைக்குமே என்றுதான் சலித்திருப்பார்கள்.

மண்ணில் ஊற்றினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பு வந்தது. பழைய பேட்டரியைக் கடைக்காரரே திரும்ப வாங்க வேண்டும் என்று 2001லேயே சட்டம் வந்துவிட்டது. 2022ல் வந்த புது விதிகள் பேட்டரி தயாரிக்கும் கம்பெனிகளுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. ஆனால் என் வீட்டு வாசலில் நிற்பது காயலான் கடைக்காரர்; சட்டம் அல்ல. அங்கே "முடியாது" என்று சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். "வருகிற லட்சுமியைத் திருப்பி அனுப்பறியே" என்று மாமியாருக்குக் கோபம். புது பேட்டரி வாங்கின கடையிலேயே கொடுத்து, விலையில் கழித்துக்கொண்டேன்.

எங்கள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் சிலிண்டர் மாற்றின தேதியெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது அதற்குக் கீழே இன்னொரு வரி: 'கார் பேட்டரி, 2023 டிசம்பர்'. டெஸ்ட் செய்த தேதிகள் அதன் பக்கத்தில். 2026 மார்கழியில் மூன்று வயது முடியும். போன வாரம் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, "என் பொறந்த தேதி உங்க யாருக்காவது தெரியுமாடி?" என்று கேட்டார்.

- ஒரு வாசகி, காவேரிப்பாக்கம்.