முதலில் ஆலை, பின்பே ரயில்

"பெண் பிள்ளைகளுக்கு ரயில் விளையாட்டு எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. "ரயில் எங்கே, இன்னும் ஓடவில்லையா?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். முதல் கேள்விக்கு விடை சொல்ல நாங்கள் முனையவில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் தோழியரிடம் சில சொல்ல விரும்புகிறோம். மாதிரி இருப்புப்பாதை அமைப்போர் முதலில் வாங்குவது ரயிலை. அது எதற்காக ஓடுகிறது என்பதையோ கடைசியில்தான் எண்ணிப் பார்க்கிறார்கள், சிலர் எண்ணுவதேயில்லை. இந்த வரிசை தவறு என்பது எங்கள் கருத்து.

பழைய மாணவி ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்த சிறிய ரயில் ஒன்று அறிவியல் அறையின் அலமாரியில் கிடந்தது. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர்தான் அகலம். நீலகிரி மலை ரயில் ஓடுவது 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையில். ஆகவே ஏறத்தாழ 110-இல் ஒரு பங்காக எல்லாவற்றையும் சுருக்கினால் அந்த மலை எங்கள் மேசைக்கு வந்துவிடும் என்று கணக்கிட்டோம். கணக்கு எளிதாக முடிந்தது, மலை வரவில்லை! மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம்வரை 46 கிலோமீட்டர். சுருக்கினாலும் 418 மீட்டர். எங்கள் மேசையின் நீளமோ 6 அடி. அதில் அடங்குவது உண்மைப் பாதையில் 200 மீட்டர் மட்டுமே.

எந்த 200 மீட்டர்? கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை பாதை சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. பல் சக்கரமும் நடுவே பல் தண்டவாளமும் இருப்பதால்தான் அங்கே வண்டி ஏறுகிறது. எங்கள் என்ஜினுக்குப் பல் இல்லை. எனவே பல் தண்டவாளம் இல்லாத குன்னூருக்கு மேற்பட்ட பகுதியைத் தேர்ந்தோம். குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் வந்து சேர்ந்த இந்த ரயில், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று அதில் ஏறுவோர் பெரும்பாலும் காட்சி காண வருவோர். ஒரு காலத்தில் சரக்கு வண்டிகளும் இப்பாதையில் ஏறி இறங்கின என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? அதனால்தான் எங்கள் மேசையில் முதலில் எழுந்தது தேயிலை ஆலை. ஆலைக்குப் பின்னால் ஒரு கிளைப்பாதையும் போட்டோம். நாங்கள் பார்த்த ஆலைக்கு அப்படி ஒன்று கிடையாது. அது எங்கள் கற்பனை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆலைக்கு வெளியே நின்று பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. நீளத்தைக் காலடியால் அளந்தோம். அறுபது எட்டு வந்தது. உயரத்தை அளப்பது எப்படி? ஆசிரியையைக் கதவருகில் குடையை ஊன்றி நிற்கச் சொல்லிப் படம் எடுத்தோம். குடையின் நீளம் தெரியும். அதைக் கொண்டு கதவு, கதவைக் கொண்டு சுவர், சுவரைக் கொண்டு கூரை! ஆலையின் முழு நீளம் மேசைக்குப் பெரிது என்பதால் சன்னல்களின் எண்ணிக்கையைக் குறைத்தோமே தவிர, சன்னலின் அளவைக் குறைக்கவில்லை. கட்டடம் எவ்வளவு குறுகினாலும் அதன் கதவு வழியே ஒரு மனிதர் நுழைய வேண்டுமல்லவா?

சுவருக்குப் பழைய நோட்டுப் புத்தகங்களின் அட்டை. கண்ணாடிக்குக் கழுவித் தூய்மையாக்கிய எக்ஸ்ரே தாள். புகைபோக்கிக்குத் தீர்ந்துபோன பேனாக் குழல். தகரக் கூரைதான் எங்களைத் திணற வைத்தது. அந்த நெளிவுகள் 110-இல் ஒரு பங்கானால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைசியில் விடுதித் தோழி ஒருத்தி பேன் சீப்பைக் கொண்டுவந்தாள். பிஸ்கட் சுற்றி வந்த வெள்ளித்தாளை அதன்மீது விரித்து நகத்தால் தேய்த்தால் அப்படியே தகரம்! (சீப்பு யாருடையது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.) துருவுக்குச் செங்கல் தூள். தேயிலைச் செடிகளுக்கு, விடுதிச் சமையலறையில் வடிகட்டிக் கொட்டிய தேயிலைத் தூளையே காயவைத்துப் பச்சைச் சாயமேற்றிப் பெவிகாலில் ஒட்டினோம்.

கடையில் ஆயத்தமாக விற்கும் கட்டடங்களை வாங்கி ஒட்டினால் வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் மேல்மாடியில் ஏன் இத்தனை சன்னல் என்று நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம். ஒவ்வொன்றாக வெட்டி விரல் நொந்த பிறகுதான் கேட்டோம். பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதை மேல்மாடித் தட்டுகளில் பரப்பிக் காற்றில் 12 முதல் 18 மணி நேரம் வாட்டினார்கள். அதற்கான வழிகளே அந்தச் சன்னல்கள். வாடிய இலை கீழே இறங்கி, உருட்டப்பட்டு, புளித்து, அடுப்பின் வெப்பக் காற்றில் உலர்கிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. இன்று மின்விசிறி பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்துவிட்டன. பழைய ஆலைகளிலோ அந்தச் சன்னல் வரிசையும் ஓர் இயந்திரம்தான். விறகுக் கொட்டகை ஏன் வேண்டும் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

இனிச் சொல்லப்போவதே எங்கள் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பது. ஆலை இருந்தால் ஆட்கள் இருக்க வேண்டும். ஆட்கள் இருந்தால் அவர்களுக்கு வீடு இருக்க வேண்டும். ஆகவே ஆலைக்குக் கீழே ஆறு அறைகள் கொண்ட லைன் வீட்டு வரிசை ஒன்றைக் கட்டினோம். அறை ஒன்றுக்கு அகலம் 27 மில்லிமீட்டர். கண்காட்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, "இந்த இடம் மட்டும் அழகைக் கெடுக்கிறது, மரங்களை வைத்து மறைத்துவிடுங்கள்" என்றார். எங்களுள் சிலருக்கும் அது சரியென்றே பட்டது. மரங்களையும் செய்து வைத்திருந்தோம். அன்று மாலை அந்த மேசையைச் சுற்றி நடந்த வாக்குவாதம் பேச்சுப் போட்டியைத் தோற்கடித்தது எனலாம்.

மறைக்கக் கூடாது என்பதே எங்கள் முடிவு. சுற்றுலா அட்டைப் படங்களில் ரயிலும் பச்சை மலையும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அதையே மறுபடி செய்ய அட்டையும் பசையும் வீணாக்குவானேன்? அந்தப் பச்சை தானாக முளைத்ததன்று. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தலைமுறைகளாக இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அந்த மக்கள் இல்லாத மலையைக் கட்டுவது எளிது. ஆனால் அது நீலகிரியாக இராது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி, சிறுமியாக மண்டபம் முகாம் வழியே வந்து, தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். கண்காட்சியின் இரண்டாம் நாள் வந்தார். ரயில் அவரைச் சுற்றி இரண்டு முறை ஓடியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. குனிந்து லைன் வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிதான் பிள்ளைகளா, பைப்பு எங்கே? லயத்துக்கு ஒரு பைப்பு அந்தக் கோடியிலே இருக்கணுமே. விடிகாலையில் அங்கேதான் சண்டையே!" என்றார். பிறகு ஆலையைச் சுட்டி, "இஸ்டோர்லே கொழுந்து காயப் போட்டிருந்தால் மேல் சன்னலை எல்லாம் திறந்துல்ல வைப்பாங்க? நீங்க சாத்தி வச்சிருக்கீங்களே" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சன்னல் எதற்கு என்று அத்தனை நாள் படித்துவிட்டு, பதினான்கையும் இறுகச் சாத்தி ஒட்டியிருந்தோம்! அன்று கண்காட்சி முடிந்ததும் மேல்மாடிச் சன்னல்கள் பதினொன்றை நெம்பியெடுத்துத் திறந்த நிலையில் ஒட்டினோம். மற்ற மூன்றும் பெயர்ந்து வரவில்லை. குழாய்க்கு ஒரு குண்டூசியை வளைத்து வரிசையின் கோடியில் நட்டோம். அதனருகே 14 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு பெண்கள் குடத்துடன் நிற்கிறார்கள்.