வெளிநாட்டுத் தொழிற்சாலை வேலை என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஏஜென்ட்டுகளுக்கும், கைகட்டி நிற்கும் அதிகாரிகளுக்கும் கண்டனம்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலைச் சுவர்களிலும் மின்சார ரயில் பெட்டிகளிலும் “வெளிநாட்டில் கம்பெனி வேலை, விசா கம்பெனியே தரும், பத்தாவது போதும்” என்கிற வகைத் துண்டு விளம்பரங்கள் ஒட்டப்படுகின்றன. அவற்றை நம்பிப் பணம் கட்டிய தொழிலாளர்கள் தொடர்ந்து மோசம் போகிறார்கள். புகாரோடு போனால் ‘இது கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டையும் எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் மறைமலைநகர், ஒரகடம் ஆலைகளிலும் ஒப்பந்தக்காரரின் கீழ் ஷிப்ட் பார்த்து, நிரந்தரம் ஆகாமலே வயது போகிற ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகள்தான் இவர்கள். மறைமலைநகர் போர்டு கார் ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டுகிறார்கள் என்றால், இங்கே அவர்களுக்கு என்ன கிடைத்தது என்றுதான் கேட்க வேண்டும்.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒன்றிய அரசிடம் பதிவுச் சான்று பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜுக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. எங்களிடம் வந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் கொடுத்திருக்கின்றன. ரசீது கேட்டால் துண்டுச் சீட்டு. பாஸ்போர்ட்டோ ஏஜென்ட்டின் மேசை இழுப்பறையில். பாஸ்போர்ட் ஒன்றிய அரசின் உடைமை என்று 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. அதை ஒரு தனியார் அடமானப் பொருள்போல் பூட்டி வைத்திருப்பதை யாரும் கேட்பதில்லை.

ஸ்பான்சர் விசா என்ற சொல்லை வைத்துத்தான் முழு ஆட்டமும் நடக்கிறது. முதலாளி தன் நாட்டு அரசிடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கினால்தான் அது ஸ்பான்சர். பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்த அரசே இணையத்தில் வெளியிடுகிறது. சாதாரண பேக்கிங் வேலை அங்கே திறன் தொழிலாளர் விசாவுக்குள் வரவே வராது. ஆகவே ‘லண்டனில் பிஸ்கட் பேக்கிங்’ என்கிற விளம்பரம் முதல் வரியிலேயே பொய். கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க எல்.எம்.ஐ.ஏ. அனுமதி வாங்குகிற முதலாளி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. இங்கோ அந்த அனுமதிக் கடிதத்துக்கே விலை வைத்து விற்கிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை அனுமதிக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான சலுகை. ‘போய் இறங்குங்க தம்பி, பெர்மிட் அங்கே மாத்திக்கலாம்’ என்று அனுப்பப்பட்டவர் 31ஆம் நாள் சட்டப்படி குற்றவாளி. அனுப்பியவரோ இங்கே அடுத்த ஆளுக்கு ஆபர் லெட்டர் அடித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் அரசு அடைக்காமல் விட்ட ஓட்டை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்க்கிறார்கள், காப்பீடு கேட்கிறார்கள். தேறியவருக்கு இந்தச் சோதனை கிடையாது. படித்தவன் தன்னைக் காத்துக்கொள்வான் என்று எண்ணிய சட்டம் இது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் பத்தாவது தேறியவர்கள். அவர்கள் எந்த வேலைக்கு, யாரிடம் போகிறார்கள் என்று விமானம் ஏறும்வரை ஒருவரும் விசாரிப்பதில்லை. 2022இல் தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப் போகப்பட்டு, மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ் இளைஞர்களும் படித்தவர்கள்தான். அவர்களை மீட்கக் கோரி முதலமைச்சர் அந்தச் செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பதிவில்லாமல் ஆள் எடுத்தால் குடிபெயர்வுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குடும்பத்தோடு ஒரு நாள் வண்டலூர் பூங்காவுக்குப் போய் வந்தாலே அந்தப் பணம் கரைந்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவையும் சேர்த்தால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆனால் அதற்கு எப்.ஐ.ஆர். வேண்டும். கையில் கிடைப்பதோ புகார் வந்ததைக் குறிக்கும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்.

வெளிநாட்டு வேலை மோசடிப் புகார் ஒவ்வொன்றிலும் சம்பந்தப்பட்டவர் பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று ஒன்றிய அரசின் இமைகிரேட் தளத்தில் அன்றைக்கே பார்த்து, இல்லையென்றால் உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று தாம்பரம் மாநகரக் காவல் ஆணையர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். பதிவில்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏஜென்ட்டுகளின் பட்டியலை வெளியுறவு அமைச்சகம் அந்தத் தளத்திலேயே வைத்திருக்கிறது. அதில் இந்த வட்டார முகவரிகள் உண்டா என்று சரிபார்த்து அறிவிக்க வேண்டும். ரயில் பெட்டிகளிலும் மாநகராட்சிச் சுவர்களிலும் உள்ள விளம்பரங்களைக் கிழித்தால் மட்டும் போதாது. அதிலுள்ள போன் எண்ணுக்கு உரியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கும் ஒரு கேள்வி. 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை நடத்துகிறீர்கள். அலுவலகம் கிண்டி தொழிற்பேட்டையில், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம். அப்படியொன்று இருப்பதே எங்கள் உறுப்பினர்களில் பலருக்குத் தெரியவில்லை. பெயர் ஊர் தெரியாத ஏஜென்ட் ரயில் பெட்டி வரை வந்து ஆள் பிடிக்கிறார், அரசு நிறுவனம் ஏன் கிண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறது? தாம்பரம், பல்லாவரம், மறைமலைநகரில் மாதம் ஒரு முறையாவது பதிவு முகாம் நடத்த வேண்டும்.

இக்கோரிக்கைகளை வலியுறுத்தி, வரும் திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் கூட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு சென்று மனு அளிக்கிறோம். பணம் கட்டியவர்கள் பாஸ்போர்ட் நகல், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ஆபர் லெட்டர் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஏஜென்ட்டின் உண்மைப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, போன் எண் போதும். பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கு என்று யாராவது பேசினால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சங்கச் செயற்குழு,
தாம்பரம்.