விறாந்தையில் ஒரு சந்தை

உவர்மலை மாமி வீட்டில் கராஜ் இல்லை. கார் இருந்ததும் இல்லை. ஆனாலும் கனடாவிலிருந்து மகள் போனில் சொல்லிவிட்டாள்: "கராஜ் சேல் ஒண்டு வையுங்கோ அம்மா." மாமி மகளோடு இருக்கப் போகிறார். முப்பது வருஷச் சாமானை ஒரே காலையில் விற்றாக வேண்டும். விறாந்தைதான் கராஜ், நான்தான் காரியதரிசி.

நாள் குறிக்கப் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, சம்பளத் திகதியைத்தான் பார்த்தோம். 25ஆம் திகதி தாண்டிய முதல் சனிக்கிழமை, காலை ஆறரை மணி. ஒன்பதரைக்கு மேல் திருகோணமலை வெயிலில் நின்று ஆர் பேரம் பேசுவது? அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் படலையில் கட்டினோம். கட்டிலும் அலுமாரியும் வீதியில் போகிறவர் கண்ணில் படும்படி முன்னால். மின்விசிறி பிளக் பொயின்ற்றுக்குப் பக்கத்தில்; சுற்றிக் காட்டாத விசிறியை எவரும் நம்பார். கோப்பைகளும் கரண்டிகளும் "எதை எடுத்தாலும் 100" பெட்டிக்குள். முதல் ஆள் 5,000 ரூபாய்த் தாளோடுதான் வருவார் என்று முதல்நாளே சில்லறை மாற்றி வைத்தேன். அப்படியே வந்தார்.

இடறியது விலையில்தான். தையல் மெஷினில் மாமி 40,000 என்று ஒட்டியிருந்தார்.

"மாமி, இது பழசெல்லே?"

"பிள்ளையின்ர பள்ளிக்கூடச் சட்டை முழுக்க இதிலதான் தைச்சனான்."

அந்தச் சட்டைக்கும் சேர்த்து வாங்குகிறவர் காசு தருவாரா? பேசாமல் துறைமுகப் பக்கம் கை காட்டினேன். பிரிட்டிஷ் கடற்படை 1957 ஒக்டோபரில் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சையும் கண்ட சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இங்கேயே நின்றுவிட்டன. அந்த 99 தாங்கிகளை ஆர் பாவிப்பது என்ற பேச்சு 2022 ஜனவரி வரை இழுபட்டது: 61 இலங்கை-இந்தியக் கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. விலைப்படாத மெஷினும் அப்படித்தான்: போகிறவர் ஒழுங்கு செய்யாமல் விட்டால் இருக்கிறவருக்குத்தான் தலையிடி.

மாமி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழும்பிப் போய்ச் சீட்டைக் கிழித்து 18,000 என்று எழுதினார். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, தையல் பழகுகிறவளாம், 15,000க்குக் கேட்டாள். மாமி மறுக்கவில்லை.

பத்து மணிக்கு மிஞ்சியதைப் பழைய இரும்புக்காரர் ஏற்றினார். அவரை முன்னாலேயே பேசி வைத்தது நல்லதாய்ப் போயிற்று. இல்லையென்றால் மிச்சமெல்லாம் திரும்ப அறைக்குள் போயிருக்கும்.

தையல் மெஷின் ஓட்டோவில் ஏறியபோது மாமி உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் சின்ன எண்ணெய்ப் போத்தல்.

"இதைக் கொண்டு போ பிள்ளை. கிழமைக்கு ஒருக்கா ரெண்டு துளி விடு. இல்லாட்டி அது கோவிக்கும்."

அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.