காபி மெஷின் ஒழுகுதா? பசை ட்யூபை உள்ள வைங்க

சூலக்கரைல ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போற ஒருத்தர், 12,000 ரூபாய்க்கு இ.எம்.ஐ.ல எஸ்பிரஸோ மெஷின் வாங்கறார்னு வச்சுக்குவோம். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ன்னா, 'நோ காஸ்ட்'னு சொன்னாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜி.எஸ்.டி. தனியா போகும். கடன் முடியறதுக்குள்ள மெஷின் அடியில ஒழுக ஆரம்பிச்சா, கை நேரா பசை ட்யூபுக்குத்தான் போகும். என்னைக் கேட்டா, வீட்டு ரிப்பேர்லயே ரொம்ப காஸ்ட்லியானது இந்த மலிவான பசைதான்.

நம்ம குக்கர்ல ஆவி அழுத்தம் சுமார் 1 பார். எஸ்பிரஸோ இறங்கறப்போ அது கிட்டத்தட்ட 9 பார், தண்ணி 90 டிகிரிக்கு மேல. சாதாரண இன்ஸ்டன்ட் பசை 80 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிச்சுடும். இன்னிக்கு ஒட்டும், ரெண்டு நாள் சொட்டாது, அப்புறம் கொதிக்கிற தண்ணியோட பிச்சுக்கும். பக்கத்துல கரண்ட் வயர் வேற. எபாக்ஸி சூடு கொஞ்சம் தாங்கும்தான், ஆனா குடிக்கிற தண்ணி படற இடத்துல பூசறதுக்கு எல்லா எபாக்ஸியும் ஆகாது. வெளியில இருக்கிற சொட்டுத் தட்டு விரிசல் விட்டுச்சா? அதை மட்டும் தாராளமா ஒட்டிக்கோங்க.

பெரும்பாலும் ஒழுகறது கேஸ்கெட், ஓ-ரிங், சிலிகான் ட்யூப் மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். குக்கர்ல கேஸ்கெட் போனா அம்மா பசை தடவினாங்களா? புதுசு மாத்தினாங்க. இங்கயும் அதேதான். பிளக்கைப் பிடுங்கி, ஆற விட்டு, மாடல் நம்பரைக் காட்டி வாங்குங்க. உப்புத் தண்ணி ஊத்தறவங்க அடிக்கடி டீஸ்கேல் பண்ணணும், உப்பு படிஞ்சா சீல் சரியா உட்காராது.

வாரண்டி இருந்தா ஸ்க்ரூவையே தொடாதீங்க. பசைத் தடம் தெரிஞ்சா மறுக்கறதுக்கு அவங்களுக்கு நாமளே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும். ஸ்பேர் கிடைக்கலைன்னா, மத்திய அரசு 2022 டிசம்பர்ல தொடங்கின 'ரைட் டு ரிப்பேர்' போர்ட்டல்ல உங்க கம்பெனி இருக்கான்னு பாருங்க. சர்வீஸ் சென்டர் இழுத்தடிச்சா 1915க்கு போன் போடுங்க. அதுக்கும் மசியலைன்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு புகார் கட்டணமே கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதனால பில்லை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. தெர்மல் பேப்பர் பில் சீக்கிரமே வெளுத்துடும்.