வண்ணமும் வரம்பும்

தில்லியின் கரோல்பாக், பெங்களூரின் ஜே.சி. சாலை, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஆகிய மூன்றும் வெவ்வேறு நகரங்களில் உள்ளவை. வெவ்வேறு மொழிகள் ஒலிக்கும் இடங்கள். ஆயினும், அங்குள்ள கடைகளில் தொங்கும் பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே. மகிழுந்தின் பின்புறம் பொருத்தும் இறக்கை, கண்ணாடியில் ஒட்டும் கருநிறத் தாள், பளபளக்கும் சக்கரம், உறுமும் சைலன்சர், வண்ண விளக்கு எனப் பலவும் அங்கே கிடைக்கும். 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படும் விரைவு மகிழுந்தை வாங்கப் பொருள்வளம் இல்லாதவர், தம் எளிய வண்டிக்கு அதன் தோற்றத்தையேனும் தர விரும்புகின்றனர். அத்தகைய மகிழுந்தை உடையவரோ, தம் வண்டி பிறவற்றினின்றும் வேறுபட்டுத் தோன்ற வேண்டும் என எண்ணுகின்றனர்.

இவ்விருப்பம் இகழத்தக்கது அன்று. மாட்டுப் பொங்கலன்று எருதின் கொம்புக்கு வண்ணம் தீட்டுவதும், சரக்குந்தின் முகப்பில் மலரும் மயிலும் வரைவதும் இதே மனத்தின் வெளிப்பாடுகளே. ஊர்தியைத் தம் கையால் அழகு செய்பவரை வீண்பொழுது போக்குபவர் என்று ஒதுக்குவது தவறு. அதே வேளையில், 'என் வண்டி, என் விருப்பம்' என்று கூறி எதையும் செய்யலாம் என்று கருதுவதும் தவறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வரம்பு எது என்பதே இங்கு ஆராயத்தக்க வினாவாகும்.

கை தரும் கல்வி

மகிழுந்தின் கதவில் விழுந்த கீறலை ஒருவர் வீட்டிலேயே சரிசெய்ய முற்படுவதாகக் கொள்வோம். முதலில் அவ்விடத்தைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். பின்னர் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பள்ளம் இருப்பின் பட்டி பார்த்து, காய்ந்தபின் மீண்டும் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அதன்மேல் பிரைமர் பூச்சு, அதன்மேல் வண்ணப் பூச்சு, இறுதியில் பளபளப்பு தரும் தெளிபூச்சு என வரிசை உண்டு. ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருத்தல் வேண்டும். ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். பொறுமை இழந்து ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் வண்ணம் வழிந்தோடிக் கோடுகளாக உறையும். அடியில் விடப்பட்ட ஒரு துளி எண்ணெய், மேலே உள்ள பூச்சையும் உரிந்து விழச் செய்யும்.

இப்பணியில் ஏமாற்று செல்லாது. மேலே எத்துணை விலையுயர்ந்த வண்ணம் பூசினும், அடித்தளம் சீராக இல்லையெனில் அது சில திங்களில் வெளிப்பட்டுவிடும். நூலில் படித்து அறியும் பொறுமைக்கும், உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்து அறியும் பொறுமைக்கும் வேறுபாடு உண்டு. பின்னது எளிதில் மறவாது. ஆதலின், தாமே செய்து பார்ப்பதைக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதுதல் தகும்.

இக்கல்வியின் பயனை வரலாறும் காட்டுகிறது. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இளம் பொறியியல் மாணவர் காலின் சாப்மன், பழைய ஆஸ்டின் செவன் மகிழுந்து ஒன்றைத் தம் கையால் மாற்றியமைத்தார். உலகப் புகழ் பெற்ற லோட்டஸ் நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. 1957இல் வெளிவந்த 'லோட்டஸ் செவன்' என்னும் விரைவு மகிழுந்தை உதிரி உறுப்புகளாகவே வாங்கிச் சென்று வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். முழுமையான மகிழுந்துக்கு அந்நாட்டில் விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, உதிரி உறுப்புகளாக விற்கப்பட்டதற்கு இல்லை. ஆகவே, செல்வர் அல்லாத பலரும் தம் வீட்டுக் கொட்டகையிலேயே விரைவு மகிழுந்து ஒன்றை உருவாக்கினர்.

இந்தியாவிலும் அத்தகைய சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980களின் பிற்பகுதியில், மாருதி 800 மகிழுந்தின் எஞ்சின் முதலிய உறுப்புகளைக் கொண்டு ஒருவர் அமரும் பந்தய மகிழுந்துகளை வடிவமைத்தார். 'ஃபார்முலா மாருதி' என அவை பெயர்பெற்றன. குறைந்த செலவில் பந்தயம் பழக அவை வழிவகுத்தன. 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தம் தொடக்கக் காலத்தில் அவ்வண்டியை ஓட்டியவரே. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோற்றமும் பயனும்

சாப்மனும் கரிவரதனும் செய்தவை வெறும் அலங்காரம் அல்ல. அவர்கள் ஒவ்வோர் உறுப்பும் எதற்கு என்று அறிந்து மாற்றினர். கடையில் வாங்கிய உறுப்பை அதன் பயன் அறியாது ஒட்டுவது வேறு.

பின்புற இறக்கையை எடுத்துக்கொள்வோம். வானூர்தியின் இறக்கை அதனை மேலே தூக்குகிறது. பந்தய மகிழுந்தின் இறக்கையோ தலைகீழாக அமைக்கப்பட்டது; அது வண்டியைத் தரையோடு அழுத்துகிறது. வளைவில் விரையும்போது சக்கரம் நழுவாதிருக்க அவ்வழுத்தம் உதவுகிறது. ஆனால், அவ்வழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கே 60 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும். நகரத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு அவ்விறக்கை ஒரு சுமையே அன்றித் துணை அன்று.

இறக்கை உறுதியாகப் பொருத்தப்படாவிடில் தீங்கும் விளையும். 1969ஆம் ஆண்டு மே மாதம், ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. அதில் ஓடிய லோட்டஸ் வண்டிகளுள் இரண்டில் உயரமான இறக்கைகள் முறிந்தன. கிரகாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரின் வண்டிகளும் தடுப்பில் மோதின, ரிண்ட் காயமுற்றார். அதே மாதம் நடந்த மொனாக்கோ பந்தயத்தின்போது அத்தகைய உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன. தேர்ந்த பொறியாளர்கள் அமைத்த இறக்கையே முறிந்தது எனில், இரு திருகாணிகளாலும் ஒட்டுப் பசையாலும் நிறுத்தப்பட்ட இறக்கை நெடுஞ்சாலையில் கழன்று பின்வரும் இருசக்கர வண்டியின்மீது விழாது என்று எவர் உறுதி கூறுவார்?

சாலை பொதுவுடைமை

வண்டி தனியுடைமை, சாலை பொதுவுடைமை. இவ்வேறுபாட்டை மறப்பதே பல தவறுகளுக்கு வேராகும். பந்தயத் தடத்தில் இடர் ஏற்பவர், அதனை அறிந்து ஏற்கிறார். சாலையில் நடந்து செல்லும் முதியவரோ, பள்ளி செல்லும் குழந்தையோ எவ்விடரையும் ஏற்க ஒப்பவில்லை.

கருநிறத் தாள் ஒட்டிய கண்ணாடி பகலில் அழகாகத் தோன்றலாம். அந்தி மயங்கும் வேளையில், அதன்வழி பார்க்கும் ஓட்டுநருக்குச் சாலையைக் கடக்கும் சிறுவன் தெளிவாகத் தெரியமாட்டான். இதனாலேயே, முன்பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் குறையாது ஒளியை ஊடுருவ விடவேண்டும் என விதி வகுக்கப்பட்டுள்ளது. வண்டியின் முன்னே பொருத்தப்படும் இரும்புத் தடுப்புக் கம்பி வலிமையின் அடையாளமாக எண்ணப்படுகிறது. உண்மையில், மோதலின்போது நசுங்கி அதிர்ச்சியை ஏற்க வேண்டிய முன்பகுதியை அது அவ்வாறு செய்யவிடாது தடுக்கலாம். காற்றுப்பை உரிய நேரத்தில் விரிவதற்கும் இடையூறாகலாம். நடந்து செல்வோர்மீது பட்டால் காயத்தைப் பெருக்கும். 2017ஆம் ஆண்டின் இறுதியில் நடுவண் அரசு அதனைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம், இசைவற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. வண்டியின் நிறத்தை முழுமையாக மாற்ற விரும்புவோரும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியே பதிவுச் சான்றில் அதனைக் குறிக்கச் செய்தல் வேண்டும்.

திறக்க வேண்டிய வழி

இவ்விதிகள் ஆர்வத்தைக் கொல்கின்றன என்று சிலர் குறை கூறுவர். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. செருமனியில் வண்டியின் உறுப்புகளை மாற்ற விரும்புவோர் அதனைத் தொழில்நுட்ப ஆய்வுக்கு உட்படுத்தி, இசைவு பெற்று, வண்டியின் ஆவணத்தில் பதிந்துகொள்ளலாம். தகுதியுள்ள மாற்றத்திற்கு அங்கே நேர்வழி உண்டு. இந்தியாவிலும் மாற்றுத்திறனாளிகள் தமக்கேற்ப வண்டியை மாற்றிக்கொள்ளவும், இசைவு பெற்ற எரிவாயுக் கருவியைப் பொருத்திக்கொள்ளவும் சட்டம் வழிவிடுகிறது. வாகனங்களையும் அவற்றின் உறுப்புகளையும் சோதிக்கும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் புனேயில் இயங்கி வருகிறது. எனவே, தோற்ற மாற்றங்களுக்கும் சோதித்து இசைவு வழங்கும் எளிய முறையொன்றை அமைத்தல் இயலாத செயல் அன்று. நேர்வழி இல்லாத இடத்தில் குறுக்குவழி தோன்றும். விதியைத் தளர்த்துவதைவிட நேர்வழியைத் திறப்பதே சிறந்த தீர்வாகும்.

அதுவரை, ஆர்வலர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. இம்மாற்றம் ஓட்டுநரின் பார்வையையோ வண்டியின் ஒளியையோ குறைக்குமா? தடையின் திறனையும் சக்கரத்தின் பிடிப்பையும் பாதிக்குமா? பிறர் செவிக்கோ உடலுக்கோ தீங்கு செய்யுமா? இவற்றுள் ஒன்றுக்கு 'ஆம்' என்னும் விடை கிடைப்பினும் அம்மாற்றத்தைக் கைவிடுதல் நன்று. மூன்றுக்கும் 'இல்லை' என்றால், செய்வதற்கு இன்னும் எத்தனையோ உண்டு. இருக்கை உறையைத் தைக்கலாம். மங்கிய விளக்குமூடியை மெருகேற்றலாம். கதவின் ஓரத்தில் மெல்லிய வண்ணக்கோடு தீட்டலாம். வண்ணம் தெளிக்கும்போது தகுந்த முகமூடி அணிதலும், காற்றோட்டமுள்ள இடத்தில் பணிபுரிதலும் தவறலாகாது.

தன் கையால் தீட்டிய வண்ணம் தரும் மகிழ்ச்சிக்கு விலை இல்லை. அம்மகிழ்ச்சியோடு புறப்படும் வண்டி, எதிரே வருபவருக்கு அச்சம் தராமல் வீடு திரும்புமாயின், அதுவே உண்மையான அழகு எனலாம்.

சொற்பொருள்

ஊர்தி – வாகனம்; திங்கள் – மாதம்; இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது; இசைவு – ஒப்புதல்; தண்டம் – அபராதம்; விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு என்னும் அளவு.

சிந்தித்து விடை எழுதுக

1. வண்ணம் பூசும் பணி எவ்வாறு பொறுமையைக் கற்பிக்கிறது?
2. நகர வேகத்தில் பின்புற இறக்கை பயன் தராமைக்குக் காரணம் யாது?
3. 'வண்டி தனியுடைமை, சாலை பொதுவுடைமை' – இக்கருத்தை உங்கள் நகரில் கண்ட காட்சி ஒன்றால் விளக்குக.
4. தோற்ற மாற்றங்களுக்குச் சோதனை முறை வேண்டும் என்னும் கருத்தை ஏற்கிறீரா, மறுக்கிறீரா? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.