பவளத்துக்கு எத்தனை வாட்ஸ்?

மும்பையில் வழக்கமாகப் போகும் மீன் கடையில் ஒரு கேள்வி கேட்டேன்: "ஆறடி உப்புநீர்த் தொட்டிக்கு எத்தனை வாட்ஸ் எல்.இ.டி. வேண்டும்?" கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, சார்." நம்பினேன். அட்டைப் பெட்டியில் 165 வாட்ஸ் என்று அச்சிட்டிருந்த சீனத் தயாரிப்புக் கறுப்பு விளக்குகள் மூன்றை வாங்கி வந்தேன். பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு அன்று மாலையே மாட்டினேன், முழு வெளிச்சத்தில். தொட்டி சினிமா செட் போல ஜொலித்தது.

நான்காம் நாள் என் மகள்தான் கவனித்தாள். "அப்பா, காளான் சுருங்கிப்போச்சு." இரண்டு வாரத்தில் காளான் பவளங்கள் வெளுத்தன. எட்டு வருடமாக வளர்ந்துவந்த தோல் பவளம் ஒன்று விரல்களை விரிப்பதை நிறுத்தியது. பிறகு அழுகி உதிர்ந்தது. வெளிச்சம் போதாமல் பவளம் சாகும் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். வெளிச்சம் அதிகமாகிச் சாகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பவளம் ஒரு பிராணி. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. இவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகின்றன. ஒளி அளவு மீறினால் பாசிக்குள் நச்சுத்தன்மை கொண்ட ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகின்றன. உடனே பவளம் குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடுகிறது. நிறத்தில் பெரும்பகுதி பாசியுடையது என்பதால் பவளம் வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்ததற்குக் காரணம் கடலின் வெப்பம். என் வீட்டில் காரணம் என் அவசரம்.

ஆக, விளக்கு வாங்குவது நமக்காக அல்ல, அந்தப் பாசிக்காக. கடையில் சொல்லப்படும் இரண்டு எண்களும் இந்த விஷயத்தில் உதவாதவை. வாட்ஸ் என்பது விளக்கு குடிக்கும் மின்சாரத்தின் அளவு. தரும் ஒளியின் அளவல்ல. என் விளக்கில் 55 பல்புகள், ஒவ்வொன்றும் 3 வாட்ஸ், ஆக 165 என்று பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது அது இழுத்தது 112 வாட்ஸ்தான். லூமென் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அளவு. நம் கண்ணுக்குப் பச்சை நிறம்தான் தூக்கலாகத் தெரியும். பாசி விரும்புவதோ நீலம். கடலில் சிவப்பு ஒளி மேலேயே வடிகட்டப்பட்டுவிட, ஆழம் வரை இறங்குவது நீலம்தான். எனவே பவளத்துக்கு உகந்த நீல விளக்கு லூமென் கணக்கில் பரிதாபமாகத் தெரியும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

கேட்க வேண்டிய எண் 'பார்'. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்பதைச் சொல்வது இது. வெப்பமண்டலத்தின் உச்சி வெயிலில் கடல்மட்டத்தில் இது சுமார் 2,000. கிளை கிளையாக வளரும் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை கொடுப்பது தொட்டி வளர்ப்பவர்களின் வழக்கம். மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். காளான் பவளம் 50லேயே திருப்தியாக இருக்கும்.

இங்கேதான் சட்டமும் சிக்கனமும் கைகோக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பில், 2001ஆம் ஆண்டு கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். நம் கடலிலிருந்து இவற்றைப் பெயர்த்து விற்பவர் மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பவரும் குற்றவாளி. கறுப்புத் துணி மூடிய வாளியில் கொண்டுவந்து காட்டுபவரிடம் விலை கேட்கக்கூட வேண்டாம். மென்பவளத்தை வாங்கும்போதும், தொட்டியிலேயே வெட்டி நட்டு வளர்த்த கன்றா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். நேர்மையான இந்தியத் தொட்டிக்குக் கல் பவளத்துக்கான ஒளி தேவையில்லை. அப்படியானால் அந்த விலையும் தேவையில்லை.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டிக்குப் பேர்பெற்ற இறக்குமதி விளக்குகள் மூன்று வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். கறுப்புப் பெட்டிகள் மூன்றும் சேர்ந்து அதில் சிறு பங்குதான். மென்பவளத்துக்கு அவை தாராளம். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலாவது, நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனியாக ஒளியைக் குறைக்கும் திருகு. இது இல்லாத விளக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். என் பவளத்தைக் கொன்றது விளக்கல்ல, திருகைத் தொடாத என் கை.

இரண்டாவது, லென்ஸின் கோணம். 90 டிகிரி லென்ஸ் உள்ள விளக்கை நீருக்கு 30 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டால் நீர்மட்டத்தில் 60 சென்டிமீட்டர் வட்டத்தில் ஒளி விழும். இரண்டடி அகலத் தொட்டிக்கு அது கச்சிதம். இன்னும் கீழே இறக்கினால் நடுவில் எரிக்கும், மூலைகள் இருட்டாகும். ஒரே பெரிய விளக்கைவிட இரண்டடிக்கு ஒன்றாக மூன்று சிறிய விளக்குகள் மேல். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் எரியும்.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்டது. உப்புநீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மலிவு விளக்குகள் சிலவற்றில் எர்த் இணைப்பு பெயரளவுக்குத்தான். எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்தப் பிளக்குக்குப் போடுங்கள். வயர் பிளக்கை அடையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். விளக்கின் விசிறியில் படியும் உப்பை மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துடைத்துவிடுங்கள். இந்தச் செலவைக் குறைத்து விளக்கின் விலையில் சேர்ப்பது புத்திசாலித்தனமல்ல.

மாட்டிய பிறகு பொறுமைதான் மருந்து. முப்பது சதவீதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டலாம். பவளம் சுருங்கினால் ஒரு படி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போதும். பார் அளக்கும் மீட்டரை ஒருவரே வாங்குவது வீண். விலை விளக்குக்கே போட்டியாக இருக்கும். ஊரில் நான்கு தொட்டிக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றுக்கு விடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அது வந்த அன்று என் தொட்டியில் வைத்துப் பார்த்தேன். பழையபடி முழு வெளிச்சம் வைத்தபோது, காளான்கள் இருந்த பாறையில் 380 காட்டியது.

மின்கட்டணத்திலும் மிச்சம் உண்டு. இதே தொட்டிக்கு முன்பெல்லாம் 250 வாட்ஸ் மெட்டல் ஹாலைடு விளக்குகள் மூன்று போடுவார்கள். எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட், மாதம் 180. அவை கிளப்பும் சூட்டைத் தணிக்கச் சில்லருக்குத் தனிச் செலவு. என் மூன்று பெட்டிகளும் முழுதாக எரிந்தாலே மாதம் 81 யூனிட்தான். இப்போது நீலம் 40, வெள்ளை 10 சதவீதத்தில் ஓடுகின்றன; அதனால் அதிலும் பாதிக்குக் கீழே.

பிழைத்த காளான்கள் மூன்று. பழைய நிறம் திரும்ப ஐந்து மாதமாயிற்று. தோல் பவளம் இருந்த பாறையை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.

போன மாதம் அதே கடையில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். "அஞ்சடித் தொட்டிக்கு எத்தனை வாட்ஸ்?" கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கிட்டேன்.

"தம்பி, தொட்டிக்குள்ளே என்ன வைக்கப் போறீங்க?"