நீதிபதி நாற்காலியில் இருந்தவர்



ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் யாராவது ஒரு பையன் 'பராசக்தி' நீதிமன்ற வசனத்தைப் பேசிவிடுவான். படம் வந்தது 1952 தீபாவளிக்கு. எழுபது ஆண்டு கடந்தும் அந்த வசனத்துக்குக் கைதட்டல் குறையவில்லை. நல்லதுதான். தமிழ் நாக்கில் ஏற அதுவும் ஒரு வழி. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மேடையில் அந்தப் பையன் மட்டும்தான் நிற்பான். எதிரே நீதிபதி இருக்க மாட்டார். ஒலிபெருக்கியைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்கிவிடுவான்.

படத்தில் அப்படி இல்லை. குணசேகரன் கூண்டில் ஏறுவதற்கு முன்பே அவன் தங்கை கல்யாணி நீதிமன்றத்தில் நிற்கிறாள். பெற்ற பிள்ளையைக் கொன்றதாக வழக்கு. விசாரிக்கும் நீதிபதியோ அவளுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன். கூண்டில் நிற்பவள் யார் என்று அவருக்குத் தெரியாது. சட்டப்படி கேட்க ஆரம்பிக்கிறார். அவள் சொல்லச் சொல்லத் தன் தங்கைதான் என்று புரிந்து மயங்கி விழுகிறார். அந்தக் காட்சியில் அவருடைய வேலை பேசுவது அல்ல, கேட்பது. அந்த வேலையைச் செய்தவர் எஸ்.வி. சகஸ்ரநாமம்.

இன்றைய ஆசிரியர்களிலேயே பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 1913இல் கோவை சிங்காநல்லூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி என்பது பள்ளி, விடுதி, தொழிற்கூடம் மூன்றும் சேர்ந்தது. பாட்டு, உச்சரிப்பு, மேடையில் எங்கே நிற்பது என்று எல்லாமே அங்கே பாடம். பிறகு கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்தார். கலைவாணர் லட்சுமிகாந்தன் வழக்கில் சிறையில் இருந்த காலத்தில் அவருடைய நாடகக் குழுவை நடத்தும் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது.

சினிமாவில் பெயர் வந்த பிறகு பலர் நாடகத்தை விட்டார்கள். இவர் விடவில்லை. 1950களில் 'சேவா ஸ்டேஜ்' என்ற குழுவைக் கட்டி நடத்தினார். அதற்காக நல்ல எழுத்தாளர்களைத் தேடிப் போனார். பத்து ஆண்டு பள்ளி ஆசிரியராக இருந்த தி. ஜானகிராமன் இவருக்காக 'நாலுவேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' என்ற நாடகங்களை எழுதினார். பி.எஸ். ராமையாவின் 'போலீஸ்காரன் மகள்' இவர் மேடையில் நடந்து, 1962இல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமானது. போலீஸ்காரராக இவரே நடித்தார். பாரதியின் பாஞ்சாலி சபதத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார். நடிகர் முத்துராமன் இந்தக் குழுவில் வளர்ந்தவர். 1988இல் காலமாகும் வரை சகஸ்ரநாமத்தின் பெயரை எவரும் கதாநாயகர் வரிசையில் வைக்கவில்லை. அண்ணன், அப்பா, அதிகாரி என்று அடுத்தவர் பேசும்போது முழுக் கவனத்தோடு நிற்கும் வேடங்களே அவருக்கு அதிகம் வந்தன.

என் கருத்து இதுதான். நாம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறோம், கேட்கக் கற்றுக்கொடுப்பதில்லை. பேச்சுப் போட்டி உண்டு, ஒப்புவித்தல் போட்டி உண்டு. இரண்டிலும் எதிராளி கிடையாது. நாடகம் ஒன்றில்தான், அடுத்தவன் சொல்வதைக் காதில் வாங்கினால்தான் நம் வாயிலிருந்து அடுத்த சொல் சரியாக வரும்.

நம் மண்ணுக்கு இது புதிதல்ல. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் அரவான் திருவிழா நடக்கும் மாவட்டம் நம்முடையது. திரௌபதி அம்மன் கோவில்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கூத்தில் கட்டியங்காரனை நினைத்துப் பாருங்கள். ராஜா வந்தாலும் அவன்தான் கேட்கிறான், மந்திரி வந்தாலும் அவன்தான் கேட்கிறான். அவன் சரியாகக் கேட்டு மடக்கிப் பதில் சொல்லாவிட்டால் துரியோதனன் வேடக்காரர் எவ்வளவு கத்தினாலும் கூத்து எடுபடாது.

கல்வராயன் மலையில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சின்ன நாடகம் போட்டோம். கடுக்காய் மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவரும் ஓர் அப்பா, எடையில் ஏமாற்றும் ஒரு வியாபாரி. கதை அவ்வளவுதான். வியாபாரிக்குப் பக்கம் பக்கமாக வசனம். அப்பாவாக நடித்த பையன் வகுப்பில் வாயே திறக்காதவன். அவனுக்கு வசனம் இல்லை. வியாபாரி விலையைச் சொன்னதும் அவன் மூட்டையைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், பிறகு மெதுவாக மூட்டையின் வாயை மறுபடி கட்டத் தொடங்கினான். கீழே உட்கார்ந்திருந்த பெற்றோர் கூட்டத்தில் அதுவரை இருந்த சலசலப்பு அப்படியே அடங்கிவிட்டது. அவர்களுக்கு அது நாடகமாகத் தெரியவில்லை. அந்தத் தராசு முன் நின்றவர்கள் அவர்கள்.

"வசனம் இல்லாத வேடம் கொடுத்தால் பெற்றோர் வருத்தப்படுவார்களே சார்" என்று இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள். வருத்தப்படத்தான் செய்வார்கள். அந்த வேடத்தின் கனத்தை நாம் எடுத்துச் சொல்லவேண்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல வாய்ப்பு. அதில் நடுவர்களாக உட்காரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வசனம் பேசும் பிள்ளைக்கு மதிப்பெண் போடும்போது, அருகில் நிற்கும் பிள்ளையின் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். அவன் கூட்டத்தில் அம்மாவைத் தேடுகிறானா, இல்லை பேசுபவனைக் கேட்கிறானா? கேட்கிறான் என்றால் அவனுக்கும் மதிப்பெண் உண்டு.

வளர்ந்தபின் இந்தப் பிள்ளைகளில் ஒருவர் தாலுகா அலுவலகத்தில் மனு வாங்கும் நாற்காலியில் உட்காரலாம், மருத்துவராகலாம், உண்மையிலேயே நீதிபதியும் ஆகலாம். மலையிலிருந்து பேருந்து பிடித்து இறங்கி வந்து எதிரே நிற்பவர் சொல்வதை இவர்கள் கேட்பார்களா என்பதுதான் முக்கியம்.

இந்த ஆண்டு விழாவுக்குப் 'பராசக்தி' வசனம் பேச ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள், எதிரே ஒரு நாற்காலியும் போடுங்கள். அதில் உட்கார இன்னொரு பிள்ளையையும் தேர்ந்தெடுங்கள்.